பார்வோ கண்ட குட்டி: மருத்துவமனையில் சேர்ப்பதா, வீட்டில் வைத்துப் பார்ப்பதா?

நேற்று மாலை வரை செருப்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்த நாய்க்குட்டி, இன்று காலையில் சோற்றுக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் மூலையில் படுக்கிறது. மதியம் மஞ்சளாக நுரைத்த வாந்தி எடுக்கிறது. இரவுக்குள் பேதியும் தொடங்கிவிடுகிறது. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரையிலான வயதில், தடுப்பூசித் தவணைகள் முடியாத ஒரு குட்டிக்கு இப்படி நேர்ந்தால், மற்ற எல்லாக் காரணங்களுக்கும் முன்பாக, நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸை நினைத்தாக வேண்டும். நினைத்தவுடன் வீட்டில் ஒரு கேள்வி எழும்: மருத்துவமனையில் சேர்த்துவிடுவதா, தினமும் கொண்டுபோய் டிரிப் ஏற்றிக்கொண்டு திரும்புவதா, அல்லது மருத்துவரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? இந்த மூன்று வழிகளையும் ஒப்பிடுவதே இங்கே நோக்கம். மருத்துவரையே பார்க்காமல் மாதுளைத் தோல் கஷாயமும் மோரும் கொடுத்துப் பார்ப்பது என்ற நான்காவது வழியை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பத்தில் ஒன்பது வரை இறந்துபோகும் நோய் இது.

முதலில் அடையாளம் காண்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் ஊரில் பலர் செய்யும் தவறு, இரத்தப் பேதிக்காகக் காத்திருப்பது. இரத்தம் பெரும்பாலும் இரண்டாம் நாளோ அதற்குப் பிறகோதான் வருகிறது. சில குட்டிகளுக்கு வருவதே இல்லை. முதல் நாளில் தெரிவதெல்லாம் சோர்வும், உணவு மறுப்பும், சில வேளைகளில் காய்ச்சலும், பிறகு வாந்தியும் மட்டுமே. கிருமி உடலுக்குள் புகுந்து மூன்று முதல் ஏழு நாட்களுக்குள், சில சமயம் இரண்டு வாரம் கழித்தும், அறிகுறி தோன்றும் என்பதால், "வீட்டை விட்டு வெளியே போகவே இல்லையே" என்ற சமாதானத்துக்கு மதிப்பில்லை. கொழுப்பு மேலுறை இல்லாததால் எளிதில் அழியாத இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும்.

குடற்புழு, காக்சிடியா, ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள், டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய், விழுங்கிய துணியோ எலும்போ அடைத்துக்கொள்வது, குடல் குடலுக்குள் செருகிக்கொள்வது ஆகிய எல்லாமே ஏறக்குறைய இதே தோற்றத்தைக் காட்டக்கூடியவை. அதனால் மலத்தைத் தொட்டுப் பார்க்கும் 'கிட்' பரிசோதனை அவசியமாகிறது. பத்து நிமிடங்களில் இரண்டு கோடு விழுந்தால் நோய் பெரும்பாலும் உறுதி. ஆனால் ஒற்றைக் கோடு விழுந்ததால் பார்வோ இல்லை என்று நிம்மதியடைந்துவிட முடியாது, ஏனெனில் நோயின் தொடக்கத்திலும், பேதி நீர்த்துப்போன நிலையிலும், பாதிக்கப்பட்ட குட்டிகளைக்கூட இந்தக் கிட் தவறவிடுவதுண்டு. மாறாக, உயிருள்ள தடுப்பூசி போட்டு ஓரிரு வாரத்துக்குள் இருந்தால், நோயே இல்லாமலும் மங்கலான இரண்டாவது கோடு விழலாம். கிட்டோடு சேர்த்து இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டால் குழப்பம் பெரிதும் தீர்ந்துவிடும். ஒரு மைக்ரோலிட்டருக்கு இரண்டாயிரம் என்ற அளவுக்குக் கீழே அது விழுந்திருந்தால் வேறு சாட்சி அதிகம் தேவைப்படாது. குட்டியின் நிலை எவ்வளவு மோசம் என்பதையும் அதே எண் சொல்லிவிடுகிறது.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு, இந்த வைரஸ் உள்ளே என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் செல்களைத் தேடிப்போய்த் தாக்குவது இதன் குணம். குட்டியின் உடலில் அப்படிப்பட்ட செல்கள் குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. குடற்சுவர் உரிந்துபோவதால் நீரும் உப்பும் சர்க்கரையும் வெளியேறுகின்றன. அந்த ஓட்டைகள் வழியாகக் குடலில் கிடக்கும் பாக்டீரியா இரத்தத்துக்குள் நுழைகிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களோ அதே வேளையில் மஜ்ஜையிலேயே அழிந்துகொண்டிருக்கின்றன. வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்து நம் மருத்துவமனைகளின் வழக்கமான சிகிச்சையில் கிடையாது. ஒரே ஊசியாக நரம்பில் செலுத்தும் ஓர் எதிர்ப்பொருள் மருந்துக்கு அமெரிக்காவில் 2023இல் நிபந்தனையுடன் உரிமம் கிடைத்தது. அது நாளைய நம்பிக்கை, இன்றிரவுக்கு உதவப்போவதில்லை. நோயிலிருந்து மீண்ட நாயின் பிளாஸ்மாவைச் சிறிதளவு ஏற்றிப் பார்த்த ஆய்விலும் தெளிவான பயன் தெரியவில்லை. ஆக, சிகிச்சை என்பது குடல் தன் சுவரை மறுபடி வளர்த்துக்கொள்ளும் வரையிலான அந்த நான்கைந்து நாட்களுக்கு உடலைத் தாங்கிப் பிடிப்பதே. நீர், சர்க்கரை, பொட்டாசியம், வாந்தி நிறுத்தும் ஊசி, ஆண்டிபயாடிக், உணவு, வெதுவெதுப்பு, இவற்றோடு கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள். இந்த எட்டையும் எந்த இடம் இடைவெளி விடாமல் தர முடியுமோ அந்த இடத்தில்தான் குட்டி இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ப்பதன் பலம் சொல்லாமலே விளங்கும். முன்னங்காலில் நரம்புக்குள் செருகும் மெல்லிய குழாயான வென்ஃப்ளான் ஒன்றைக் குத்தி, ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தைப் பம்பு வழியாக மணிக்கு இத்தனை மில்லி என்று ஓடவிடலாம். அதிலேயே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் கலக்கலாம். ஆம்பிசிலின் அல்லது செஃபாக்சிட்டின் போன்ற ஆண்டிபயாடிக் மருந்துகளை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பிலேயே கொடுக்கலாம். குட்டி நடுங்கத் தொடங்கினால் நடு இரவிலும் சர்க்கரை பார்த்துச் சரிசெய்யலாம். இப்படி முறையான சிகிச்சை கிடைத்த குட்டிகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பிழைக்கின்றன. ஆனால் "சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் எல்லா இடமும் ஒன்றல்ல. சேர்க்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: இரவு பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்கப்போவது யார்? தொற்று நோய்க் குட்டிகளுக்குத் தனி அறை உண்டா? கதவைப் பூட்டிவிட்டுக் காலையில் வந்து திறக்கும் இடத்தில் கூண்டுக்குள் கிடப்பதைவிட, விழித்திருக்கும் மனிதர் உள்ள வீடு மேல் என்பதே என் கருத்து. டிரிப் குழாய் இரவில் மடங்கி நின்றுபோனால் விடியும் வரை யாருக்கும் தெரியாது.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கல்லூரி மருத்துவமனைகளும், பரிசோதனை வசதியோடு குறைந்த செலவில் பார்க்கக்கூடியவை. ஊர்ப்புறத்துக் கால்நடை மருந்தகத்தில் நல்ல மருத்துவர் இருப்பார். ஆனால் குட்டியை இரவு முழுவதும் வைத்துக்கொள்ள இடம் இருக்காது. எனவே நம்மில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது இரண்டாவது வழியில்தான்: காலையில் ஆட்டோவில் கொண்டுபோய், ஒன்றிரண்டு மணி நேரம் மடியில் வைத்து டிரிப் ஏற்றி, இரண்டு மூன்று ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவது.

இந்த வழியைப் பற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. மூன்று கிலோ எடையுள்ள குட்டி தன் எடையில் எட்டு சதவீத நீரை இழந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 240 மில்லி. உயிரோடு இருப்பதற்கே ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லியாவது தேவை, குட்டிகளுக்கு அதற்கும் கூடுதலாக வேண்டும். குறைந்தபட்சமாக வைத்தாலும் 180 மில்லி. இரண்டையும் சேர்த்தால் 420. இதன் மேல், வாந்தியிலும் பேதியிலும் அன்று முழுவதும் போகப்போவது தனி. இரண்டு மணி நேரத்தில் ஏறியது 200 மில்லி என்றால், மீதமுள்ள இருபத்திரண்டு மணி நேரத்தில் குட்டி மறுபடியும் வறண்டுகொண்டே போகும். மறுநாள் காலையில் நாம் கொண்டுபோவது முந்தைய நாளைவிட மோசமான குட்டியாக இருக்கும்; நரம்பும் சுருங்கிப்போய் ஊசி ஏறாது. தினசரி டிரிப் மட்டுமே சிகிச்சை என்று நம்புவது இதனால்தான் ஏமாற்றிவிடுகிறது. மருத்துவரின் குறை இதில் இல்லை. மிச்ச நேரத்துக்கு வீட்டில் என்ன செய்வது என்று நாம் கேட்காமல் வருவதே குறை.

மூன்றாவது வழி அந்த மிச்ச நேரத்தை நிரப்ப எழுந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள், பணமில்லாத காரணத்தால் கருணைக்கொலைக்குப் போகும் குட்டிகளை மனத்தில் வைத்து இந்த முறையை வகுத்தார்கள். 2017இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் நாற்பது நாய்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. இருபது நாய்களுக்கு வழக்கமான உள்நோயாளிச் சிகிச்சை. மற்ற இருபதுக்கு, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 120 மில்லி வீதம் பல தவணைகளாகத் தோலுக்கு அடியில் திரவம், வாந்தி நிறுத்தும் மாரோபிட்டன்ட் ஊசி தினம் ஒன்று, பல நாள் வேலை செய்யும் செஃபோவெசின் என்ற ஆண்டிபயாடிக் ஒரே ஒரு முறை, சிரிஞ்சில் ஊட்டும் உணவு. முதல் பிரிவில் பதினெட்டும் இரண்டாம் பிரிவில் பதினாறும் பிழைத்தன. புள்ளியியல் கணக்கில் இந்த வேறுபாடு பெரிதாகக் கொள்ளப்படவில்லை.

இந்த எண்களைக் கேட்டவுடன் "வீடே போதும்" என்று முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இரண்டாம் பிரிவு நாய்களுக்கும் தொடக்கத்தில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, இரத்த ஓட்டத்தையும் சர்க்கரையையும் சரிசெய்த பிறகே தோலடித் திரவம் தொடங்கப்பட்டது. குளிர்ந்துபோய், ஈறு வெளுத்துக் கிடக்கும் குட்டிக்குத் தோலடியில் எவ்வளவு செலுத்தினாலும் அது உறிஞ்சப்படாமல் வயிற்றுப் பக்கம் பையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மற்றொன்று, அந்த நாய்கள் உண்மையில் யார் வீட்டிலும் இல்லை. மருத்துவமனைக்குள்ளேயே, பயிற்சி பெற்றவர்களின் பார்வையில் இருந்தன. வீட்டில் அதே பலன் வேண்டுமென்றால் வீட்டிலும் அதே கவனம் வேண்டும். முதல் சில மணி நேர நரம்பு வழித் திரவத்தை எந்த வழியைத் தேர்ந்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அதன் பிறகான தேர்வே நம் கையில் இருக்கிறது.

அந்தத் தேர்வைச் செய்யக் குட்டியின் உடலே சில விடைகளைத் தரும். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக் குட்டிக்கு ஒன்பது வார வயதில் இந்த நோய் வந்தபோது, மருத்துவர் என் கட்டைவிரலைப் பிடித்து அதன் ஈறில் அழுத்தச் சொன்னார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அன்று மூன்றரை நொடி ஆயிற்று. விரலை எடுத்தபோது ஈறு ஈரமாக வழுக்காமல், காய்ந்த பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. தோள்பட்டைக்கு மேலே தோலைச் சேர்த்துத் தூக்கிவிட்டால், அது கூடாரம் போல அப்படியே நின்று, மெதுவாகப் படிந்தது. மெலிந்த உடலமைப்புள்ள நாட்டு நாய்களில் தோலை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ஈறையும் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அவர் எச்சரித்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் காய்கறி நிறுக்கும் தராசின் மேல் பிரம்புக் கூடையை வைத்து, கூடையின் எடையைக் கழித்து, குட்டியின் எடையைக் காலையும் மாலையும் எழுதத் தொடங்கினோம். இந்த நோயில் எடை என்பது பெரும்பாலும் நீரின் கணக்கு. இதைவிட மலிவான, பொய் சொல்லாத கருவி வேறு இல்லை.

குட்டி எழுந்து நிற்க முடியவில்லை, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே காட்டுகிறது, இரத்தச் சர்க்கரை 60க்குக் கீழே இருக்கிறது, வாந்தி நிறுத்தும் ஊசி போட்ட பிறகும் வாந்தி தொடர்கிறது, வயிற்றைத் தொட்டால் உருளையாக ஏதோ தட்டுப்படுகிறது, இவற்றில் ஒன்றேனும் இருந்தால் வீட்டு யோசனையை மறந்துவிட்டு, கடன் வாங்கியாவது, வேறு ஊருக்குக் கொண்டுபோயாவது உள்நோயாளியாகச் சேர்க்கத்தான் வேண்டும். இரண்டு கிலோவுக்கும் குறைவான மிகச் சிறிய குட்டிகளையும், இந்த நோயில் அதிகம் துன்பப்படுவதாக அறியப்பட்ட ராட்வைலர், டாபர்மேன் குட்டிகளையும் நான் இதே வரிசையில்தான் வைப்பேன். தலையைத் தூக்கிப் பார்க்கிறது, வாலை ஒரு தரமாவது ஆட்டுகிறது, முதல் டிரிப்புக்குப் பிறகு ஈறு நிறம் திரும்பியிருக்கிறது, ஊசிக்குப் பிறகு வாந்தி அடங்கியிருக்கிறது என்றால் மூன்றாவது வழியை யோசிக்கலாம். அப்போதும், வீட்டில் குறைந்தது இரண்டு பேர் முறை வைத்து விழித்திருக்க முடியுமா என்பதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை ஏழு மணிக்குப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகும் வீட்டுக்கு இந்த வழி உரியதன்று.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் தோலடித் திரவம் பார்ப்பதற்குப் பயமாக இருக்குமே தவிர, மருத்துவர் ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் வந்துவிடும். திரவப் பாட்டிலை வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு தோள்களுக்கும் இடையில் தோலைத் தூக்கி, ஊசியைச் செருகித் திரவத்தை விட வேண்டும்; ஒரே இடத்தில் எல்லாவற்றையும் செலுத்தாமல் இரண்டு மூன்று இடங்களில் பிரித்துக்கொள்ளலாம். ரிங்கர் லாக்டேட்டுக்குப் பதிலாக ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸைத் தோலடியில் செலுத்தக் கூடாது. அது சுற்றியுள்ள நீரை அங்கே இழுத்துக்கொள்வதோடு திசுவையும் புண்ணாக்கும். சர்க்கரை குறைந்தால் குளுக்கோஸ் கரைசலையோ தேனையோ ஈறில் தடவுவது தற்காலிக உதவி. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரே காதோரத்தில் ஒரு துளி இரத்தத்தில் வேலை செய்யும். நாய்களில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

உணவு பற்றி நம்மிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு: வாந்தி நிற்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடத் தராமல் குடலுக்கு 'ஓய்வு' கொடுப்பது. மனித வைத்தியத்திலிருந்து வந்த இந்தப் பழக்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் முப்பது குட்டிகளை வைத்துச் சோதித்தார்கள். மூக்கு வழிக் குழாயில் முதல் நாளிலிருந்தே உணவு பெற்றவை, பட்டினி கிடந்தவற்றைவிட விரைவில் தெளிந்தன, எடையும் கூடின. 2003இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு பட்டினிக்கு நியாயம் சொல்வது கடினம். குடற்சுவர் தன்னை வளர்த்துக்கொள்ளத் தேவையான உணவைக் குடலுக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்கிறது. வாந்தி ஊசி வேலை செய்யத் தொடங்கியதும், வேகவைத்து மசித்த கோழியையும் குழைந்த சோற்றையும் நீர்க்கக் கரைத்து, கிலோவுக்கு ஒரு மில்லி என்ற அளவில் கடைவாய்ப் பக்கமாகச் சிரிஞ்சில் விட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தரலாம். துப்பினால் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊற்றுவது மட்டும் கூடாது. நுரையீரலுக்குள் போன உணவு பார்வோவைவிட வேகமாகக் கொல்லும்.

வீட்டு மருந்துப் பெட்டியையும் பூட்டிவைக்க வேண்டும். பேதியை அடக்க மனிதர்கள் விழுங்கும் லோபராமைடு, உரிந்துபோன குடலில் நஞ்சையும் பாக்டீரியாவையும் தேக்கி வைக்கும். காய்ச்சலுக்கென்று தரும் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் நாய்க்குட்டிக்கு நஞ்சு.

மூன்று வழிகளையும் எடைபோடும்போது பலரும் மறப்பது வீட்டிலுள்ள மற்ற நாய்களை. தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டி அதே வீட்டில் இருந்தால், மருத்துவமனையின் தனியறைக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே முன்னுரிமை தரலாம். நோயாளிக் குட்டி அறிகுறி தோன்றும் முன்பிருந்தே மலத்தில் கோடிக்கணக்கான வைரஸை வெளியேற்றத் தொடங்கி, தேறிய பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை வெளியேற்றும். பினாயிலுக்கும் கை கழுவும் சானிட்டைசருக்கும் இது அடங்காது. மலத்தையும் அழுக்கையும் முதலில் சோப்புப் போட்டு முழுவதுமாக நீக்கிவிட்டு, வீட்டு உபயோகப் பிளீச்சிங் திரவத்தை முப்பது பங்கு நீரில் கலந்து, பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி தரையில் விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச்சு அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். மண் தரைக்கு இதுவும் உதவாது. வெயிலும் காலமும்தான் அதை மெல்ல மெல்லச் சுத்தப்படுத்தும்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. சந்தையிலோ நாற்பது நாள் குட்டி "ஒரு ஊசி போட்டாச்சு" என்ற உத்தரவாதத்தோடு கைமாறுகிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் அந்த முதல் ஊசியை வேலை செய்யவிடாமலும், நோயைத் தடுக்கப் போதாமலும் இருக்கும் ஓர் இடைக்காலம் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் தாண்டும் வரை தொடர்ந்து போடச் சொல்வது அதற்காகத்தான். எங்கள் குட்டி வாங்கிக்கொண்டதும் அந்த ஓர் ஊசியை மட்டுமே.

எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தோம். முதல் நாள் மருத்துவமனையில் நான்கு மணி நேரம் டிரிப் ஏற்றிய பிறகு தராசு 3 கிலோ காட்டியது. ஈறும் நிறம் திரும்பியிருந்தது. அன்றிரவு இரண்டு முறை தோலடித் திரவம் கொடுத்தோம், வாந்தி இல்லை, எல்லாம் சரியாகவே போவதாகத் தோன்றியது. மறுநாள் இரவு பேதி ஒன்பது முறை ஆனது. அத்தனையையும் நோட்டில் நேரம் போட்டு எழுதியிருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூடையை நிறுத்தபோது 2 கிலோ 800 கிராம். எடை ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இது ஆறரை சதவீதத்துக்கும் மேல். ஆறு மணிக்கெல்லாம் குட்டியைத் துண்டில் சுற்றி, நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்றோம். அடுத்த மூன்று இரவுகளை அது அங்கேதான் கழித்தது.